மூன்றாம் கிண்ணத்துக் கசப்பு

போன வாரம் மிட்சுயோவைச் சமையலறை வாசலில், வாயடைத்துப் போன கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். காரணம் வேறு யாருமில்லை, அவள் பெற்ற பெண் நாகிசாதான்.

சாக்கே என்கிற அரிசி மது வடிக்கிற வீட்டில், வடிப்புக் காலம் இன்னும் முடியாத மார்ச் மாதத்தில், அந்தப் பெண் கடையிலிருந்து நாட்டோ வாங்கி வந்து, நடுச் சமையலறையில் சம்மணம் போட்டு, நூல் நூலாக இழுத்து இழுத்துச் சாப்பிட்டுக் காட்டினாள். மற்ற வீடுகளில் அது காலைச் சாப்பாடு. குரோசுமி வீட்டில் அது யுத்தப் பிரகடனம். அந்தச் சோயாப் பயற்றைப் புளிக்க வைக்கிற கிருமி கொஞ்சம் அரிசிப் பக்கம் வந்தால் போதும், வருஷத்து வடிப்பே பாழாய்ப் போகும். முதலாளி முதல் பீப்பாய் கழுவுகிறவர் வரை பனிக்காலம் முழுக்க அதன் வாடையைக்கூட முகர மாட்டார்கள்.

"இனிமே நீ தொட்டிப் பக்கம் கால் வைக்கக் கூடாது" என்றாள் மிட்சுயோ, நாக்குத் திரும்பியதும்.

"வைக்கலை. நீ முதல்ல என் கல்யாணத்துக்குப் பதில் சொல்லு."

கல்யாணம் மே மாதத்தில். சடங்கு மண்டபத்தில் பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா உட்கார வேண்டிய நாற்காலி ஒன்று இருக்கிறதே, அதுதான் தகராறு. அந்த அப்பா வீட்டை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. தன் தம்பியை அதில் உட்கார வைத்துவிடலாம் என்பது மிட்சுயோவின் யோசனை.

"மாமா மாமாவாவே இருக்கட்டும். அப்பாவைத் தேடிக் கூப்பிடு. இல்லேன்னா அந்த இடம் காலியா இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்லேர்ந்து ஃபோன் வரும், யார் பேரை எழுதறதுன்னு கேட்டு. அதுக்குள்ள நீ சொல்லணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்றைக்கு.

யுனோசாவா ஊரில் அன்று புதுச் சாக்கே விழாவும்கூட. ரயில் நிலையத்தை ஒட்டிய ஊர்ப் பொதுக்கூடத்தில் காலையிலேயே செருப்பு வைக்க இடமில்லை. கழுத்தில் கயிறு கட்டிய சின்னக் கிண்ணத்தைத் தொங்கவிட்டுக் கொண்டு சனம் மேஜை மேஜையாக மேய்ந்தது. சுற்றுவட்டாரத்துச் சாக்கே வீடுகள் ஒருபுறம், ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் மறுபுறம். மீன் சுடும் புகையும் முள்ளங்கி வேகும் வாசனையும் கூரை வரை கட்டி நின்றன. வெளியே சாலையோரப் பனிக் குவியல் அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது.

குரோசுமி வீட்டு மேஜையில் மிட்சுயோ வெந்நீர்த் தொட்டியில் ஜாடிகளை இறக்கிச் சூடு பார்த்துக் கொண்டிருந்தாள். ஜாடியின் அடியை உள்ளங்கையில் ஏந்தினால் அவளுக்குச் சூடு தெரிந்துவிடும். நீல ஏப்ரன், இறுக்கிய கொண்டை, நாற்பத்தொன்பது வயசு. ஊரில் அவளுக்கு முதலாளியம்மா என்றுதான் பேர்.

பக்கத்தில் நாகிசா, பனியை முட்டிக்கொண்டு தலைகாட்டும் ஃபுக்கிச் செடியின் கசப்பு மொட்டுகளை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொண்டிருந்தாள். இருவரும் காலையிலிருந்து விற்பனைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

"சாயங்காலம் ஃபோன் வரும்" என்றாள் நாகிசா, வாணலியைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்."

"என்ன சொல்லப் போறே?"

"எண்ணெய் புகையுது, அதைப் பாரு."

"எண்ணெய் புகையலை. நீதான் புகையறே."

பதில் சொல்வதற்குள் மைக்கும் கையுமாக நெமோட்டோ வந்து சேர்ந்தார். ஊரில் மதுக்கடை வைத்திருப்பவர், விழாக் குழுத் தலைவர், எல்லாவற்றுக்கும் மேல் மிட்சுயோவின் பள்ளிக்கூடத் தோழர். அதனால் முதலாளியம்மாவை அவர் மட்டும் வா போ என்பார்.

"போட்டிக்கு நேரமாச்சு மிட்சுயோ. வருஷா வருஷம் பரிசை நீயே தட்டிக்கிட்டுப் போறே. இந்தத் தடவையாவது ஒரு ஜலதோஷம் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"வேணும்னா மூக்கைப் பொத்திக்கட்டுமா?"

"அப்பவும் நீதான் ஜெயிப்பே. அதான் எரிச்சலே."

போட்டி எளிமையானதுதான். உள்ளே அடியில் நீல வளையம் போட்ட வெள்ளைக் கிண்ணங்கள் இரண்டு வரிசை. முதல் வரிசையில் இருக்கிற அதே ஐந்து சாக்கேதான் இரண்டாவது வரிசையிலும், வேறு ஒழுங்கில். எது எதற்கு ஜோடி என்று வாயால் கண்டுபிடிக்க வேண்டும். பேர் கிடையாது, எண் மட்டும். தொழில்காரர்கள் யாரும் இதில் விழுங்குவதில்லை. ஒரு வாய் வைத்து, காற்றை உள்ளே இழுத்து, நாக்கில் புரட்டி, பக்கத்து வாளியில் துப்பிவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். விழுங்கினால் நாக்கு மங்கிவிடும்.

மிட்சுயோ வரிசையில் நின்றாள். முதல் கிண்ணம் ஆற்றங்கரைக்காரர்களுடையது, சந்தேகமே இல்லை. துப்பினாள். இரண்டாவது நல்ல வாசனை, ஆள் மயக்கும் வாசனை, உள்ளே சரக்கு இல்லை. அதையும் துப்பினாள்.

மூன்றாவதை வாயில் வைத்தாள்.

முதலில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் மாதிரி நழுவியது. பிறகு மெல்ல அரிசியின் இனிப்பு. அதுவும் போய், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில், நாக்கின் கடைக்கோடியில் பொடிசாக ஒரு கசப்பு எழுந்து நின்றது.

மிட்சுயோவின் கை வாளியின் விளிம்பில் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கசப்பை அவளுக்குத் தெரியும். அதோடு குடித்தனம் நடத்தியவள் அவள். அரிசி வேறு, தண்ணீர் வேறு, எந்த ஊர்த் தொட்டியோ தெரியாது. ஆனால் புளித்த அரிசிக் கூழைப் பிழிய வேண்டிய நாளைத் தள்ளிப் போட்டுவிட்டு, தொட்டி விளிம்பில் காதை வைத்து, "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று சொல்கிற மனுஷன் இந்தப் பூமியில் ஒருவன்தான்.

அவள் விழுங்கினாள்.

"ஏய்! முழுங்கிட்டியா?"

நெமோட்டோ மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்திருந்ததை மறந்து கத்தியது கூடம் முழுக்க எதிரொலித்தது. மீன் சுடுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். முதலாளியம்மா போட்டியில் விழுங்கினாள் என்றால் கணக்கு வாத்தியார் விரல் விட்டு எண்ணின மாதிரி. சிரிப்பு மேஜைக்கு மேஜை தாவியது.

நாகிசா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

மிட்சுயோவின் புருஷன் தெய்ஜியைப் பற்றிப் புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவன் குரோசுமி வீட்டுக்கு மேஸ்திரியாக வந்து, வடிப்பில் கைதேர்ந்து, அந்த வீட்டுப் பெண்ணுக்கே கழுத்தை நீட்டிய வீட்டோடு மாப்பிள்ளை. பேரைக்கூட மாற்றிக்கொண்டு குரோசுமி ஆனவன். கெட்டிக்காரன், அதிகம் பேசமாட்டான். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை என்று ஒன்று இருந்தால் அது பிழிகிற நாளைப் பற்றித்தான். அவளுக்குத் தெளிவாக, வாசனையாக, சொன்ன நாளில் வேண்டும். அவனுக்குப் பொறுக்க வேண்டும்.

"நீ துப்பிட்டுத் தீர்ப்பு சொல்றே" என்பான். "வாங்கறவன் முழுங்கறான். கூட எதையாவது கடிச்சுக்கறான். அவன் வாயை வச்சு யோசிச்சுப் பாரு."

ஐந்து வருஷத்துக்கு முன், கடுங்குளிர் மாதத்தில், அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் ஆட்களை விட்டுத் தொட்டியைப் பிழியச் சொன்னாள். மேஸ்திரி சொல்லாமல் தொட்டியைத் தொடுவது அந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய அவமானம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தாள். தலையில் துண்டோடு வந்து நின்றவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருஷத்து வடிப்பை ஒழுங்காக முடித்துக் கொடுத்தான். கடைசித் தொட்டி காலியான மறுநாள் போனவன்தான்.

அவன் திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். திட்டாமல் போய்விட்டானே என்ற கோபத்தில் ஒரு வருஷம் ஓட்டினாள். அப்புறம் கோபம் தீர்ந்துபோய், வெறும் ஏக்கம் மட்டும் நின்றது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் இன்றைக்கும் குளியல் தொட்டியை அவனுக்கு வேண்டிய கொதிசூட்டில்தான் காய்ச்சுகிறாள். அவளால் அதில் கால் வைக்க முடியாது. ஆறும்வரை ஓரமாக உட்கார்ந்திருப்பாள். யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

மிட்சுயோ பென்சிலைக் கீழே வைத்தாள். "இந்தத் தடவை நான் இல்லைப்பா."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" நெமோட்டோ இப்போது மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக் கொண்டார்.

"மூணாவது யாரோடது?"

"முடிவு சொல்ற வரைக்கும் சொல்லக் கூடாதே."

"நெமோட்டோ."

"சரி சரி, அப்படிப் பார்க்காதே, பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் பார்த்து என் டிபனைப் பிடுங்குவே. கடைசி மேஜை. கடற்கரைக்காரங்க. இந்த வருஷம்தான் முதல் தடவையா வந்திருக்காங்க."

கடைசி மேஜை கழிப்பறைக்குப் போகிற வழியில், யாரும் நின்று பார்க்காத மூலையில் இருந்தது. அங்கே ஒரு பெண்மணி தனியாக நின்று ஊற்றிக் கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து இருக்கலாம். காற்றில் காய்ந்த முகம், நல்ல சிரிப்பு. முன்னால் ஒரு தட்டில் மிளகுத் தழையோடு ஊறவைத்த ஹெர்ரிங் மீன், இன்னொன்றில் ஃபுக்கி மொட்டை மிசோ என்கிற சோயா விழுதில் வதக்கிய துவையல்.

"வாங்க வாங்க. வெறும் வாயில குடிச்சா இது கொஞ்சம் முறைக்கும். முதல்ல ஒரு துண்டு மீனைக் கடிச்சுக்குங்க."

மிட்சுயோ மீனைக் கடித்தாள். துவையலையும் நாக்கில் தடவிக்கொண்டாள். அந்தப் பெண்மணி ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தாள்.

அடப்பாவி மனுஷா, என்று மனசுக்குள் சொன்னாள்.

மொட்டின் கசப்பைச் சாக்கேயின் கசப்பு போய்க் கைபிடித்தது. மீனின் எண்ணெயைத் துடைத்தது. இரண்டும் சேர்ந்து உள்ளே போன பிறகு வாய் சுத்தமாகி, இன்னொரு வாய் கொண்டா என்று கேட்டது. வாளி ஓரத்தில் நின்றால் குறையாகத் தெரிகிறது, சாப்பாட்டோடு உட்கார்ந்தால் அதுவே சரியாகிவிடுகிறது. இதைத்தானே அவன் தலைபாடாக அடித்துக்கொண்டான்! அன்றைக்கு ஒரு வாய் சோற்றோடு குடித்துப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அவள் கண் கலங்கிவிட்டது. மிளகுத் தழையின் காரம் என்று சாக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

தன் கிண்ணத்துக்குத் தானே ஊற்றிக்கொள்வது மரியாதையில்லை என்பதால், இவள் ஜாடியை வாங்கி அவளுக்கு ஊற்றினாள். "ஐயோ நீங்க ஊத்தறதா" என்று அவள் கூச, "பரவால்லை" என்று இவள் வற்புறுத்த, அந்த உபசாரம் ஒரு சுற்று நடந்தது. அது அடங்கியதும் மிட்சுயோ கேட்டாள்.

"இதைப் பிழிஞ்சது யாருங்க?"

அந்தப் பெண்மணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக மிட்சுயோவின் ஏப்ரனில் இருந்த குரோசுமி என்ற பேரைப் படித்தாள். சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"காலைலேர்ந்து எத்தனையோ பேர் குடிச்சாங்க. அரிசி என்னன்னு கேட்டாங்க, பாட்டில் என்ன விலைன்னு கேட்டாங்க. பிழிஞ்சது யாருன்னு நீங்கதாங்க முதல்ல கேக்கறீங்க. நான் சாவாகோ. என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் வடிப்பகத்தை நான்தான் பார்த்துக்கறேன். எங்க மேஸ்திரியை நீங்களே போய்ப் பாருங்க. ஸ்டேஷனுக்குப் பின்னாடி வண்டியில இருக்கார்."

"உள்ள வரலையா?"

"வரமாட்டேன்னுட்டார். 'யாராவது கேட்டா இருக்கிற இடத்தைச் சொல்லுங்க, கேக்கலைன்னா காலிப் பெட்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க, போயிடலாம்'னார்." சாவாகோ ஜாடியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "எங்களை இங்க கூப்பிட்டதே உங்க பொண்ணுதாங்க. போன மாசம் எங்க ஊர் வரைக்கும் பஸ் ஏறி வந்தா. வடிப்பகத்துக்குள்ள விடுங்கன்னு அவ கேக்கவே இல்லை. வடிப்பு நேரத்துல வெளியாள் வரக் கூடாதுன்னு தெரிஞ்சவ, வாசல்லயே நின்னு அவர்கிட்டப் பேசிட்டுப் போயிட்டா."

மிட்சுயோ திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் அந்தக் கோடியில் நாகிசா தலையைக் குனிந்துகொண்டு வெறும் வாணலியைக் கிளறிக் கொண்டிருந்தாள். கள்ளி.

ஒரு காகிதத் தட்டில் மீனும் துவையலும் போட்டு வாங்கிக்கொண்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் மிட்சுயோ வெளியே நடந்தாள்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சின்ன லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் இடத்தில் தெய்ஜி ஒரு ஆரஞ்சை உரித்துக் கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. யாரும் பார்த்து வெட்டிவிடாத தலைமுடி. அவள் அப்படியே ஒரு நிமிஷம் நின்று கண்ணாரப் பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியைத் தட்டினாள்.

அவன் நிமிர்ந்தான். கையில் ஆரஞ்சுத் தோல் தொங்கியது. கண்ணாடி மெல்ல இறங்கியது.

"சாவாகோ சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே தெரியும். மூணாவது கிண்ணம்."

"கசக்குதுன்னு தள்ளியிருப்பியே."

"கசக்குதுதான். வேணும்னேதானே ஒரு நாள் தள்ளிப் பிழிஞ்சீங்க?"

"ரெண்டு நாள்."

மிட்சுயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்தது. தட்டை அவனிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க. வண்டி ஓட்டறீங்க, அதான் குடிக்க எதுவும் கொண்டு வரலை."

அவன் வாங்கிக்கொண்டான். சாப்பிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"அன்னைக்கு நான் பண்ணது அக்கிரமம்" என்றாள் மிட்சுயோ. "என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே. ஏன் திட்டலை?"

"உன் வீட்டுத் தொட்டி. உன் வீட்டு அரிசி. கூலி வாங்கறவங்களும் உன் வீட்டு ஆளுங்க. நான் எதை வச்சுத் திட்டறது, சொல்லு?"

ஒரு ரயில் வந்து நின்று, சிலர் இறங்கி, ரயில் போயிற்று. அதற்குள் கேட்க வந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"மே மாசம் நாகிசாவுக்குக் கல்யாணம்."

"தெரியும். வந்து சொன்னா."

"வருவீங்களா? எனக்குப் பக்கத்துல உட்காரணும்."

"எதுவா வந்து உட்காரணும்? குரோசுமி வீட்டு மாப்பிள்ளையாவா?" குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அந்த உத்தியோகத்தை விட்டாச்சு மிட்சுயோ."

"குரோசுமி வீட்டுக்காக நான் கேக்க வரலை."

"பின்னே?"

முதலாளியம்மாவுக்குப் பேரம் பேசத் தெரியும், ஆட்களை விரட்டத் தெரியும், மாவட்ட அதிகாரியையே உட்கார வைத்துப் பேசத் தெரியும். இந்த நாலு வார்த்தைக்கு நாக்கு எழவில்லை. கதவு விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என் புருஷனா. எனக்கு நீங்க வேணும். கல்யாணத்துக்கு மட்டும் இல்லை, அப்புறமும். நீங்க இல்லாம எனக்கு எதுவுமே நல்லா இல்லை."

தெய்ஜி ஆரஞ்சுத் தோலை மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"இப்படி நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை" என்றான்.

"இப்போ சொல்றேனே."

"இப்போதான் சொல்றே." அவன் கண்ணாடி வழியே பொதுக்கூடத்தின் பக்கம் பார்த்தான். "உன்கிட்ட மறைக்கக் கூடாது. சாவாகோ போன மாசம் என்னைக் கேட்டாங்க. அங்கேயே இருந்துடுங்கன்னு. மேஸ்திரியா மட்டும் இல்லை."

மிட்சுயோவின் கை கதவிலிருந்து நழுவியது. நல்ல சிரிப்பு, காற்றில் காய்ந்த முகம், மீனைக் கடிச்சுக்குங்க என்று சொன்ன குரல். அவளை வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். அவங்க நல்லவங்க, மிட்சுயோ. நான் வந்தப்போ ஏன் வந்தே, எதுக்கு வந்தேன்னு ஒரு கேள்வி கேக்கலை. இன்னிக்கு இங்க யாரும் என்னைக் கேக்கலைன்னா, உனக்கு எழுதிப் போட்டு விவாகரத்தை முடிச்சுடலாம், திரும்பிப் போற வழியில அவங்ககிட்ட சரின்னு சொல்லிடலாம்னுதான் வண்டியை எடுத்தேன்."

"நான் கேட்டுட்டேனே."

"கேட்டுட்டே." அவன் முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டான். "அதான் இப்போ ஒண்ணும் புரியலை."

காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சாவாகோ வந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே இருவரையும் பார்த்துவிட்டாள். ஆனாலும் நடையைக் குறைக்கவில்லை. பெட்டிகளை லாரியின் பின்னால் அடுக்கிக் கயிறு கட்டிவிட்டு, முன்னால் வந்து மிட்சுயோவுக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். மிட்சுயோவும் குனிந்தாள். இருவரும் யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தார்கள்.

"உங்க ஊர்க்காரங்க எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்க" என்றாள் சாவாகோ.

"அடுத்த வருஷமும் வரணும்" என்றாள் மிட்சுயோ. என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாளா என்று கேட்டால், தெரியாது.

வண்டியில் இருந்தது இரண்டே இடம். சாவாகோ சுற்றி வந்து மறுபக்கத்தில் ஏறிக்கொண்டாள். தெய்ஜி சாவியைத் திருகினான். உரித்த ஆரஞ்சில் பாதியை ஜன்னல் வழியே மிட்சுயோவிடம் கொடுத்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்."

லாரி பனிக் குவியலைச் சுற்றி வளைந்து கடற்கரைச் சாலைக்குத் திரும்பியது. அது மறைகிற வரை மிட்சுயோ நின்றாள். மறைந்த பிறகும் நின்றாள்.

சாயங்காலம் வீட்டில் தாயும் மகளும் அடியில் கணப்பு வைத்து மேலே போர்வை போட்ட தாழ்வான மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நாகிசா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"திட்டறதுன்னா திட்டிடும்மா. சொல்லாம பஸ் ஏறிப் போனது தப்புதான்."

"திட்டலை."

"நாட்டோ சாப்பிட்டதுக்காவது திட்டு."

"அதுக்குக் கட்டாயம் திட்டணும். நாளைக்கு."

"அப்பா என்ன சொன்னார்?"

"யோசிச்சுச் சொல்றேன்னார்." மிட்சுயோ போர்வையின் மடிப்பை நீவிவிட்டாள். "சாவாகோவுக்கும் அதேதான் சொல்லியிருக்காராம்."

"அவங்களுக்கு எதுக்கு?"

மிட்சுயோ சொன்னாள். நாகிசாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவைக் கூட்டி வருகிறேன் என்று கிளம்பிப் போய், அந்தம்மாவையும் சேர்த்தல்லவா அழைத்து வந்திருக்கிறாள்!

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. என்கிட்ட ரெண்டு பேருமே ஒரு வார்த்தை சொல்லலை."

"எனக்குத் தெரியும் உனக்குத் தெரியாதுன்னு. அழாதே, கண்ணைத் துடை."

மிட்சுயோ எழுந்து வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இந்நேரம் அந்த லாரி பாதி வழி போயிருக்கும். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வண்டிக்குள் என்ன பேச்சு நடக்கிறதோ, அல்லது பேச்சே நடக்கவில்லையோ. அவன் பேசாமல் இருந்தே காரியத்தை முடிக்கிறவன். அது அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

ஃபோன் அடித்தது. நாகிசா திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். மிட்சுயோ எடுத்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷர், குரல்தான் கொஞ்சம் உரக்க வரும். விழா எப்படி, குளிர் விட்டதா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"மண்டபத்துல பேர் கேக்கறாங்கம்மா. அப்பா நாற்காலிக்கு உங்க தம்பி பேரை எழுதிடவா?"

"வேண்டாங்க. அவ அப்பா பேரையே எழுதுங்க. தெய்ஜி."

"அடேடே! அவர் வராரா? சொல்லவே இல்லையே, ரொம்ப சந்தோஷம்!"

"வருவாரான்னு தெரியாதுங்க. கேட்டிருக்கேன்."

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இல்லம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. வரலைன்னா அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உங்க பக்கத்துல நாற்காலி காலியாக் கிடக்கும். பார்க்கறவங்க ஒரு மாதிரியா நினைப்பாங்களே, உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

நாகிசா அம்மாவின் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குங்க" என்றாள் மிட்சுயோ. "அஞ்சு வருஷமா தினம் மூணு வேளை அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் சாப்பிடறேன். அன்னைக்கு ஒரு நாள் அவங்களும் பார்க்கட்டும். நீங்க பேரை எழுதிடுங்க."